களஞ்சியத்திலிருந்து கட்டில் வரை: கொழும்பின் மருத்துவ வரலாறு – தொடர்

வைத்தியசாலைத் தொற்று என்னும் தொடர், நோயாளி ஒருவர் வேறொரு காரணத்துக்காக அனுமதிக்கப்பட்ட பின்னர், வழக்கமாக 48 மணித்தியாலங்கள் கழிந்த நிலையில், அந்த வைத்தியசாலைக்குள்ளேயே பெற்றுக்கொள்ளும் நோயைக் குறிக்கும். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1847 இல் வியன்னாவின் பிரசவ விடுதியொன்றில் மருத்துவர்களைக் கைகழுவச் சொன்ன செம்மல்வைசில் தொடங்கி, 1867 இல் கார்போலிக் அமிலத்தால் காயங்களைக் காத்த லிஸ்டர் வழியாகப் பெனிசிலினுக்கு வந்து சேர்வர். அவ்வரிசையில் கதையின் நடுவில் நிற்பது மருத்துவரின் கை. கொழும்பின் கதையை அதே வரிசையில் சொன்னால் பொய்யாகாது. ஆயினும் இந்நகரில் நோயாளியின் கட்டிலருகே நடந்ததை மீண்டும் மீண்டும் தீர்மானித்தவை துறைமுகமும் களஞ்சியமும் கேள்விப்பத்திரமுமே என்பதை இப்பகுதி எடுத்துக்காட்ட முயல்கிறது. லிஸ்டரின் கட்டுரைகள் இலண்டனில் வெளியான அதே 1867 இல்தான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழாக்கிய ‘இரண வைத்தியம்’ அச்சேறியது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். சத்திரசிகிச்சையைத் தமிழில் விரித்துரைத்த அந்நூல், கிருமிநீக்கம் பற்றிய அறிவு பரவுவதற்குச் சற்று முந்திய உலகத்தின் நூலாகவே அமைந்துவிட்டது.

இப்பகுதியின் பின்பாதியில் தொடப்படும் ஹெவ்லொக் டவுன், கொழும்பு 5 இல், வெள்ளவத்தைக்கு உட்புறமாகத் திம்பிரிகஸ்யாய, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி ஆகியவற்றை ஒட்டி விரியும் குடியிருப்புப் பகுதியாகும். 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ஆர்தர் எலிபாங்க் ஹெவ்லொக்கின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அவரே 1896 இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராகி, பம்பாயிலிருந்து பிளேக் பரவிய காலத்தை அங்கே எதிர்கொண்டார். ஹெவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இயங்கிய நிலத்தில் இன்று மாடிக்குடியிருப்புகள் நிற்கின்றன. கிருல வீதியிலும் எல்விட்டிகல மாவத்தையிலும் பெரிய தனியார் வைத்தியசாலைகள் எழுந்துள்ளன. காலி வீதிப் பக்கமாக இறங்கினால் வெள்ளவத்தையின் பாமசிகள் வரிசையாகத் தொடங்கிவிடும். அரச வைத்தியசாலைகள் பொரளை, கின்சி வீதிப் பக்கமாகக் குவிந்திருக்க, தனியார் மருத்துவம் தெற்கே நகர்ந்த வரலாற்றை இந்தச் சிறு பரப்பிலேயே காணலாம். அந்த நகர்வு நேர்ந்த காலத்துக்கு வருமுன் வடக்கே, புறக்கோட்டைப் பக்கத்திலிருந்து தொடங்குவது பொருத்தம்.

1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் பம்பாயின் பிளேக் அச்சத்தில் பிறந்தது. கப்பலை நிறுத்திவைக்கவும், வீட்டைச் சோதிக்கவும், நோயாளியை அகற்றவும் அரசுக்கு அதிகாரமளித்த அச்சட்டத்தின் பார்வை முழுவதும் ஆட்களின்மேல் இருந்தது. 1914 இன் தொடக்கத்தில் பிளேக் கொழும்பை அடைந்தபோது, அது செட்டியார் தெருவும் புறக்கோட்டையும் சார்ந்த வட்டாரத்தைப் பற்றிக்கொண்டதே தவிர, நகரம் முழுவதையும் ஒரே சீராகத் தாக்கவில்லை. ஏன் அப்படி என்னும் கேள்விக்கு விடை தேடியவர் கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய பேபியன் ஹேர்ஸ்ட். எலிகளின் உடலில் வாழும் தெள்ளுகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த அவர், கொழும்பின் எலிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது அஸ்தியா என்னும் இனத் தெள்ளு என்றும், அது பிளேக்கைக் கடத்துவதில் திறன் குறைந்தது என்றும், திறன் மிகுந்த கியோபிஸ் இனமோ தானியம் இறங்கும் களஞ்சியங்களை அண்டியே காணப்படுகிறது என்றும் காட்டினார். அரிசி மூட்டை எங்கே இறக்கப்பட்டு, எவ்வளவு காலம், எப்படிப்பட்ட தரையில் அடுக்கிவைக்கப்பட்டது என்பதே மனிதர் இறப்பதையும் பிழைப்பதையும் பிரித்தது என்றாகிறது. 1953 இல் அவர் வெளியிட்ட ‘பிளேக்கை வென்ற வரலாறு’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல், கொழும்புக் களஞ்சியங்களில் தொடங்கிய அந்த விசாரணையை உலக மருத்துவத்தின் பொதுச்சொத்தாக்கியது.

நுண்ணுயிர்க்கொல்லிகளின் காலம் அந்தப் பிளேக் ஆராய்ச்சிக்குப் பின்னரே வருகிறது. மக்கள் வழக்கில் அன்ரிபயோட்டிக் எனப்படும் இம்மருந்துகள் பற்றீரியா என்னும் நுண்ணுயிர்களைக் கொல்லும், அல்லது அவை பெருகாமல் தடுக்கும். வைரசுகளின்மேல் அவற்றுக்கு எவ்வித ஆற்றலும் இல்லை. ஒரு மருந்து போதிய அளவிலும் போதிய நாட்களுக்கும் கொடுக்கப்படாதபோதும், தேவையே இல்லாத இடத்தில் கொடுக்கப்படும்போதும், அதைத் தாங்கும் இயல்புள்ள சில நுண்ணுயிர்கள் மட்டும் எஞ்சிப் பெருகிவிடுகின்றன, இதுவே மருந்தெதிர்ப்பு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945 இல் நோபல் பரிசு உரையில் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டிவிட்டார். அந்த எச்சரிக்கையை உலகம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமைக்குக் காரணம், புதிய மருந்துகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தமையே. கையில் அந்நியச் செலாவணி இல்லாத சிறிய தீவொன்றுக்கோ அந்தக் கவலையின்மை தொடக்கத்திலிருந்தே கட்டுப்படியாகாத ஒன்றாக இருந்தது.

சேனக பிபிலேயின் பணியை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். 1920 இல் பிறந்து, கொழும்பு மருத்துவபீடத்தில் பயின்று, எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்று, இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியராக விளங்கிய அவர், ஒரு மருந்துக்கு அதன் வேதிப்பொருளைச் சுட்டும் பொதுப்பெயர் ஒன்றும், கம்பனிகள் சூட்டும் வணிகப்பெயர்கள் பலவும் இருப்பதால், ஒரே சரக்கைப் பல விலைகளில் நாடு வாங்குகிறது என்பதைத் தொடர்ந்து எடுத்துக்கூறினார். 1971 இல் மருத்துவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் சமர்ப்பித்த அறிக்கையின் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகியது. அதன் முதலாவது தலைவராக பிபிலேயே நியமிக்கப்பட்டார். தனியார் சந்தைக்கு இறக்குமதியாகிவந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் வடிகட்டப்பட்டுச் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம், பொதுப்பெயரில், தரம் சோதித்து வாங்கும் முறை ஏற்பட்டது. மக்கள் ஒசுசல என்று அறியும் மருந்துக்கடைகளும் அந்தக் கூட்டுத்தாபனத்தின் வழிவந்தவையே.

இந்தத் திட்டத்தைப் பொருளாதாரச் சீர்திருத்தமாகவே பலரும் எழுதியுள்ளனர். விலை, செலாவணி, பன்னாட்டுக் கம்பனி என்னும் சொற்களே அவ்வெழுத்துக்களில் நிறைந்திருக்கும். அது தொற்று மருத்துவத்தின் வரலாற்றுக்கும் அதே அளவு உரியது என்பதைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. ஏனெனில் நீக்கப்பட்ட மருந்துகளில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட சரக்குகளை ஒரே குளிகையில் கலந்த கூட்டு மருந்துகளும், பயன் நிறுவப்படாதவையும் ஆகும். எதைக் கொடுத்தாலும் ஏதோவொன்று வேலைசெய்யும் என்ற எண்ணத்தில் கலவை மருந்தை எழுதும் பழக்கம் மருந்தெதிர்ப்புக்கு நல்ல விளைநிலம்; அந்தக் கலவை துறைமுகத்தைத் தாண்டி வராவிடில் அதை எழுத எந்த மருத்துவராலும் இயலாது. மருத்துவருக்கு அறிவுரை கூறி அவர் பழக்கத்தை மாற்றுவது எத்துணைக் கடினம் என்பதைப் பேராசிரியராக அறிந்திருந்த பிபிலே, மருந்துக் குறிப்புகளை வெளியிட்டு அறிவூட்டும் பணியையும் விடவில்லை. ஆயினும் அவர் நம்பியது பட்டியலைத்தான். உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977 இல். இலங்கை அதற்கு முன்பே அந்த வழியில் நடந்து பார்த்திருந்தது.

அந்த முறைக்கு வந்த கடுமையான சோதனை 1974 இன் கொலராவாகும். நீண்ட இடைவெளிக்குப் பின் இலங்கைக்குத் திரும்பியிருந்த அந்த நோயில் உயிரைக் காப்பது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே. ரெட்ராசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றோட்டத்தின் அளவும் காலமும் குறைந்து, சேலைன் போத்தல்களும் கட்டில்களும் மிச்சப்படும். கூட்டுத்தாபனம் அந்த மருந்தின் மூலப்பொருளை ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பனியிடம் வாங்கி, கொழும்பில் தொழிற்சாலை வைத்திருந்த அமெரிக்கக் கம்பனியான பைசரிடம் அதைக் குளிகைகளாக்கித் தருமாறு கேட்டது. கம்பனி, வேறிடத்து மூலப்பொருளின் தரத்தைக் காரணங்காட்டி மறுத்தது. நாட்டிலே தொழிற்சாலை நிற்க, மூலப்பொருளும் கைவசமிருக்க, குளிகைகளைக் கூடிய செலவில் வெளியிலிருந்து விமானத்தில் வரவழைக்கும் நிலை உண்டாயிற்று. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் நேரடியாகப் பிரதமரிடம் தலையிட்டதாகவும், யோசனை கைவிடப்பட்டதாகவும் பொருளியலறிஞர் சஞ்சய லாலும் பிபிலேயும் சேர்ந்து எழுதி 1977 இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்காகச் சென்றிருந்த கயானாவில் பிபிலே காலமானார்.

இந்த மோதலில் நியாயம் எந்தப் பக்கம் என்பதில் இத்தொடருக்கு ஐயமில்லை. எனினும் அதே பத்தாண்டில் தான்சானியாவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே 1977 இல் கொலரா பரவியபோது ரெட்ராசைக்கிளின், நோயாளிகளுக்கு மட்டுமன்றி நோய் வராமல் தடுக்கவும் பரவலாக அள்ளிக் கொடுக்கப்பட்டது. ஐந்தே மாதங்களில், பரிசோதிக்கப்பட்ட கொலரா நுண்ணுயிர்களில் 76 சதவீதமானவை அந்த மருந்துக்கு அசையாதவையாகிவிட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1972 இல், கேரளத்தின் கோழிக்கோட்டில் தைபோயிட்டு நுண்ணுயிர் அன்றைய முதன்மை மருந்தான குளோரம்பெனிக்கோலுக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தமை கண்டறியப்பட்டது. அந்த எதிர்ப்பு ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியது என்பதும் அப்போது தெரியவந்தது. மருந்து கிடைக்காமையும் மருந்து அளவுமீறிக் கிடைப்பதும் ஒரே விளைவில் முடியக்கூடும் என்பதை எழுபதுகளிலேயே இலங்கை தன் அயலிலிருந்தும் தொலைவிலிருந்தும் கற்றிருக்கலாம். ஆனால் அன்றைய விவாதம் முழுவதும் மருந்து வருமா, என்ன விலைக்கு வரும் என்பதைச் சுற்றியே சுழன்றது; வந்த மருந்து எவர் கையால் எவருக்குப் போகிறது என்று கேட்க அப்போது ஆளில்லை.

1977 இன் ஆட்சி மாற்றமும் திறந்த பொருளாதாரமும் அந்தக் கேள்வியைத் தவிர்க்கமுடியாததாக்கின. தனியார் இறக்குமதி திரும்பவும் அனுமதிக்கப்பட்டது, வணிகப்பெயர்கள் பெருகின, கொழும்பு 5 இலும் அதைச் சூழவும் தனியார் வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. கிருல வீதியின் ஆசிரி வைத்தியசாலை எண்பதுகளின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. எல்விட்டிகல மாவத்தையில் 2002 இல் அப்பலோ என்னும் பெயரில் திறக்கப்பட்டதே இன்றைய லங்கா வைத்தியசாலை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் போர் துரத்திய குடும்பங்கள் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நிறைத்த காலமும் அதுவே. வழக்கமாகப் பார்க்கும் குடும்ப வைத்தியரையும் உறவுகளையும் பிரிந்து வந்த ஒருவருக்கு, அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையைவிடத் தெருமுனைப் பாமசியே கைக்கெட்டிய மருத்துவமாகத் தெரிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சட்டத்தின்படி நுண்ணுயிர்க்கொல்லிகள் மருத்துவரின் மருந்துச்சிட்டை இல்லாமல் விற்கப்படக்கூடாதவை. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், ஔடதங்கள் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் இதைத் தெளிவாக்கின. அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை நிறுவியது. பாமசி மேசையில் நடப்பது வேறு. இருமல், தடிமன், தொண்டைநோ என்று சொல்பவருக்கு, அமொக்சிசிலின் குளிகை மூன்று நாளுக்கு எண்ணிச் சிறு கடதாசி உறையில் இடப்பட்டு, உறையின்மேல் காலை, பகல், இரவு என்று கோடிடப்பட்டு நீட்டப்படுகிறது. போலி வாடிக்கையாளர்களைப் பாமசிகளுக்கு அனுப்பி மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், சிட்டையற்ற விற்பனை இலங்கையில் அருகிய பழக்கமன்று என்பதைக் காட்டியுள்ளன. விற்பவரை மட்டும் குற்றம் சொல்வதும் எளிது. மருத்துவருக்குக் கொடுக்கும் கட்டணமும் இழக்கும் அரைநாட் சம்பளமும் சேர்ந்தால் அந்த உறையின் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும் என்பதை வாங்குபவர் கணக்குப் பார்த்தே வருகிறார். 2017 இல் 186,000 இற்கும் மேற்பட்டோரைப் பீடித்த டெங்கின்போது இந்தக் கணக்கின் ஆபத்து வேறு உருவில் தெரிந்தது. டெங்கு வைரசு நோய். நுண்ணுயிர்க்கொல்லியால் அதில் பயனில்லை. குருதிப் பரிசோதனை செய்யாமல் குளிகையை விழுங்கிக் காத்திருக்கும் நோயாளி, குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசியும் அபாயகரமான கட்டத்தை வீட்டிலேயே கழித்துவிடக்கூடும்.

கட்டிலருகே திரும்பினால், கொழும்பின் தொற்றுக் கட்டுப்பாட்டு வரலாற்றில் மிகக் கவனமாக வாசிக்கப்படவேண்டிய நிகழ்வு 2005 இன் நடுப்பகுதிக்கு உரியது. அவ்வாண்டு கொழும்பு வைத்தியசாலைகளில், சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது முள்ளந்தண்டில் ஊசிமூலம் உணர்விழப்பு மருந்து ஏற்றப்பட்ட இளந்தாய்மார் ஐவருக்கு, சில நாட்கள் கழித்து மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் போர்த்திய மென்சவ்வில் அழற்சி உண்டாயிற்று. இத்தகைய அழற்சிக்கு வழமையான காரணம் பற்றீரியா என்பதால், மருத்துவரின் கை முதலில் நுண்ணுயிர்க்கொல்லியையே நாடும். இங்கு காரணமாக இருந்ததோ அஸ்பர்ஜிலசு பியுமிகேற்றசு என்னும் பங்கசு. காற்றிலும் மண்ணிலும் எங்கும் காணப்படும் இதன் வித்திகளை ஒவ்வொருவரும் நாள்தோறும் சுவாசிக்கின்றனர். உடலின் எதிர்ப்பாற்றல் மிகவும் தாழ்ந்தவர்களையே இது வழக்கமாகத் தாக்கும். நலமாயிருந்த, அப்போதுதான் பிள்ளை பெற்ற பெண்களின் தண்டுவட நீரில் இது காணப்பட்டமை, நோய் உடலின் பலவீனத்தால் வராமல் வெளியிலிருந்து நேரடியாகச் செலுத்தப்பட்டிருக்கிறது என்பதற்கான சான்றாயிற்று. ஐவரில் மூவர் இறந்தனர்.

தேடல் பயன்படுத்தப்படாத சிரிஞ்சுகளில் போய் நின்றது. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலைக்குப் பின் உலகம் முழுவதிலிருந்தும் நிவாரணப் பொருட்கள் கொழும்பில் வந்து குவிந்தன; அவற்றுக்கு இடமளிக்கும் நெருக்கடியில், ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்த மருத்துவப் பொருட்களின் ஒரு பகுதி ஈரப்பதம் மிகுந்த, அதற்கென அமைக்கப்படாத களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. தொழிற்சாலையில் கிருமிநீக்கப்பட்ட சிரிஞ்சு ஒரு பக்கம் பிளாத்திக்கு, மறுபக்கம் கடதாசி என்று ஒட்டப்பட்ட உறையில் வருகிறது. கிருமிநீக்கும் வாயு உள்ளே புகுந்து வெளியேறும்படி அந்தக் கடதாசி நுண்துளைகள் உடையதாக இருக்கிறது. உலர்ந்திருக்கும்வரை வாயுவை விட்டு நுண்ணுயிரைத் தடுக்கும் அது, நனைந்து காய்ந்தால் வடிகட்டியாக இருப்பதை விட்டுப் பங்கசு வேர்விடும் படுக்கையாகிவிடும். உறையைப் பிரிக்கும் தாதிக்கோ மயக்கமருந்து நிபுணருக்கோ கண்ணுக்குத் தெரிவது காலாவதித் திகதி முடியாத, கிழியாத ஓர் உறை மட்டுமே. கை கழுவப்பட்டிருந்தாலும், தோல் துடைக்கப்பட்டிருந்தாலும், விரிப்பு கிருமிநீக்கப்பட்டிருந்தாலும், குற்றமற்ற அத்தனை செயல்களின் முடிவிலும் ஊசி நுனியிலிருந்து பங்கசு தண்டுவட நீருக்குள் இறங்கியிருக்கும்.

இந்நிகழ்வைக் கொழும்பு மருத்துவர்கள் மறைக்காமல் சர்வதேச மருத்துவ ஏடுகளில் எழுதினர் என்பது பாராட்டத்தக்கது. 2012 இல் ஐக்கிய அமெரிக்காவில் மாசடைந்த ஸ்ரெரோயிட்டு ஊசிமருந்தால் 700 இற்கும் மேற்பட்டோர் பங்கசுத் தொற்றுக்கு ஆளாகி, 60 இற்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இத்தகைய நோயைக் கண்ட அனுபவம் உலகில் மிகச் சிலருக்கே இருந்தது. அவர்களுள் கொழும்பினரும் அடங்குவர். இன்னொரு முரணும் இங்கே கவனத்துக்குரியது. பொரளையின் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000 ஆம் ஆண்டிலிருந்தே ஜப்பானின் ஐந்து ‘எஸ்’ முறையை, அதாவது வேண்டாததை அகற்றி, வேண்டியதை அதற்குரிய இடத்தில் அடையாளமிட்டு வைத்து, துப்புரவையும் ஒழுங்கையும் வழக்கமாக்கிக்கொள்ளும் முகாமைத்துவ முறையை, ஏற்றுக்கொண்டு பெயர் பெற்றிருந்தது. பின்னாளில் ஆபிரிக்க நாடுகளின் அதிகாரிகள் வந்து பார்த்துச் செல்லும் முன்மாதிரியாகவும் அது ஆயிற்று. ஒரு வைத்தியசாலை தன் அலுமாரிகளை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும், அங்கே வந்துசேரும் பெட்டி அதற்கு முன் எந்த ஈரத்தில் கிடந்தது என்பதை அந்த ஒழுங்கால் அறியமுடியாது.

2005 இலிருந்து வழிகாட்டல்கள் வேகமாகப் பெருகின. இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி 2005 இல் வைத்தியசாலைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கைந்நூலையும், 2009 முதல் மருந்தெதிர்ப்பைக் கண்காணிக்கும் பல்வைத்தியசாலைத் திட்டத்தையும், 2016 இல் நுண்ணுயிர்க்கொல்லிப் பயன்பாடு பற்றிய தேசிய வழிகாட்டலையும் கொண்டுவந்தது. 2017 இல் சுகாதார அமைச்சின் ஐந்தாண்டுத் தேசியத் திட்டம் தொடங்கியது. நடைமுறையில் இவற்றுள் மிகுந்த பயனளித்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கடைசி ஆயுதங்களான மெரோபெனம், வன்கொமைசின், கொலிஸ்ரின் போன்றவற்றைச் ‘சிவப்பு விளக்கு’ மருந்துகளாக வகுத்து, விசேட வைத்திய நிபுணரின் கையொப்பமும் நுண்ணுயிரியல் நிபுணரின் இசைவும் பெற்ற படிவம் இருந்தால் மட்டுமே களஞ்சியம் அவற்றை விடுவிக்கலாம் என்று விதித்ததே. நள்ளிரவில் நோயாளி மோசமடையும்போது முதல் வேளை மருந்தை உடனே ஏற்றிவிட்டு இசைவைப் பின்னர் பெறும் தளர்வு இல்லாவிடில் இத்தகைய விதி கொலைவிதியாகிவிடும். தளர்வு வழக்கமாகிவிட்டால் படிவம் வெறும் சடங்காகிவிடும். அந்த இடைவெளியை நிரப்புவது ஆய்வுகூடமே. குருதியை மருந்து ஏற்றுமுன் எடுத்து வளர்ப்புக்கு அனுப்பி, இரண்டு மூன்று நாட்களில் முடிவு வந்ததும் பரந்துபட்ட மருந்தை நிறுத்திக் குறிவைத்த எளிய மருந்துக்கு மாற்றுவதையே நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பொறுப்புடன் கையாளுதல் என்பர். மருந்தைத் தொடங்குவதற்கு ஒரு கையொப்பம் போதும். நிறுத்துவதற்குத்தான் துணிவு வேண்டும்.

அயலில் இதே காலத்தில் தமிழகமும் இந்த விவாதத்தின் நடுவில் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்து 2010 இல் வெளியான கட்டுரை, மெரோபெனம் இனத்து மருந்துகளையே சிதைக்கும் நொதியம் சென்னையின் நோயாளிகளிடமும் பரவியிருப்பதைக் காட்டியது. அந்த நொதியத்துக்குப் புதுடில்லியின் பெயர் இடப்பட்டிருந்ததால் இந்திய அரசியலில் கோபம் கிளம்பிற்று. 2012 இல் மருத்துவர் அப்துல் கபூர் முன்னின்று கூட்டிய கூட்டத்தில் உருவான சென்னைப் பிரகடனம் அந்தக் கோபத்தை ஒதுக்கிவைத்து, சிட்டையற்ற விற்பனையை ஒரே நாளில் தடைசெய்ய முயலாமல், முதலில் கடைசி வரிசை மருந்துகளையாவது கட்டுப்படுத்துங்கள் என்று கேட்டது. மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்த 2014 இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை அந்த நடைமுறைப் புத்தியின் சாயலைக் கொண்டது. சிகிச்சைக்காகச் சென்னைக்கும் கொழும்புக்குமிடையே நோயாளிகள் போய்வரும் விமானங்களில் மருந்தெதிர்ப்பு நுண்ணுயிரும் பயணம் செய்யக்கூடும் என்பதால், சென்னையின் தவறும் திருத்தமும் கொழும்பினருக்கு அயலார் செய்தியாக இருக்கமுடியாது.

2022 இன் பொருளாதார வீழ்ச்சி இவ்வளவு காலத்து ஒழுங்குகளின் அடித்தளத்தையே அசைத்தது. தன் மருந்துத் தேவையில் எண்பது சதவீதத்துக்கும் மேலானதை இறக்குமதியால் நிறைவேற்றும் நாட்டில் டொலர் தீர்ந்தபோது, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன; சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் பிறப்புக்காலச் சிசு மருத்துவர்களின் சங்கத்திலிருந்து சுகாதார அமைச்சுக்குச் சென்ற கடிதமொன்று, புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் சுவாசக்குழாயினுள் இடப்படும் குழாய்கள் தீரும் தறுவாயில் இருப்பதாகவும், பயன்படுத்திய குழாய்களை எறியாமல் சுத்திகரித்துக் கிருமிநீக்கி வைத்துக்கொள்ளுமாறு தமது பிரிவினருக்குப் பணிக்கப்பட்டிருப்பதாகவும் தெரிவித்தது. கடிதம் வெளியாகி உலகச் செய்தியானதும் நன்கொடைகள் வந்தன. அந்தக் குழாய் சில மில்லிமீற்றர் விட்டமே உடையது. உட்சுவரில் நுண்ணுயிர்கள் சேர்ந்து பசைபோன்ற படலமாக ஒட்டிக்கொண்டால், கழுவுவதாலும் திரவத்தில் ஊறவைப்பதாலும் அது முற்றாகப் போகாது. அப்படலத்திலிருந்து குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்கு இறங்கும் தொற்றுக்கு, பெரும்பாலும் சிவப்பு விளக்குப் பட்டியலிலுள்ள மருந்துகளே தேவைப்படும். ஒரு முறை மட்டும் பயன்படுத்தவேண்டிய குழாயில் மிச்சம்பிடிக்கப்பட்ட டொலரைவிடப் பன்மடங்கு டொலரை அந்த மருந்து கேட்கும். அதுவும் அதே துறைமுகத்தின் வழியாக, அதே வெறுமையான கணக்கிலிருந்தே வாங்கப்படவேண்டியிருந்தது.